ரூட் செய்த ஆண்ட்ராய்டு போனில் என்கிரிப்ஷன்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பூட்லோடர் (போனை எழுப்பும் முதல் நிரல்) திறந்த போனில் என்கிரிப்ஷன் (தரவைச் சாவியால் பூட்டிவைப்பது) இல்லையென்றால் திரைப்பூட்டு வெறும் அலங்காரம்தான். போனை எடுத்தவர் உங்கள் பின் நம்பரைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபாஸ்ட்பூட் (கம்ப்யூட்டரிலிருந்து போனின் பார்ட்டிஷன்களில் எழுதும் முறை) வழியாக ஒரு ரெக்கவரியை (பழுது நீக்கும் தனிச் சிறு சிஸ்டம்) ஏற்றி, கேபிளைச் செருகினால் போட்டோக்கள், அரட்டைகள், கணக்குகளின் லாகின் டோக்கன்கள் எல்லாவற்றையும் காப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாம். ரூட் செய்தவர்கள்தான் (போனின் முழு நிர்வாக அனுமதியைப் பெற்றவர்கள்) இந்த நிலையில் அதிகம் மாட்டுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் ரூட் குறிப்புகளில் பல, முதல் வேலையாக என்கிரிப்ஷனைக் கழற்றச் சொல்கின்றன.

ரூட்டும் என்கிரிப்ஷனும் ஒத்துப்போகாது என்பது பழைய காலத்து நம்பிக்கை. ரூட் தரும் கருவியான மேஜிஸ்க் உட்காருவது பூட் பார்ட்டிஷனில் (போனை எழுப்பும் சேமிப்புப் பகுதி); என்கிரிப்ஷன் பூட்டுவது டேட்டா பார்ட்டிஷனை (உங்கள் ஆப்களும் கோப்புகளும் உள்ள பகுதி). இரண்டுக்கும் நேரடிப் பகை இல்லை. சிக்கல் வருவது மூன்று இடத்தில்: ரெக்கவரியால் டேட்டாவைப் படிக்க முடியாதபோது, எஃப்எஸ்டேப் கோப்பை (எந்தப் பார்ட்டிஷனை எப்படி ஏற்ற வேண்டும் என்ற பட்டியல்) ரெக்கவரியில் போட்ட ஏதோ ஒரு ஜிப் மாற்றிவைத்திருக்கும்போது, போன் எழும் நேரத்தில் எது முன்னால் எது பின்னால் என்பது குழம்பும்போது. கீழே வருகிற அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் அடங்கிவிடும்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

## எதையும் தொடும் முன்

உங்கள் போனில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் எந்த வழிமுறையையும் பின்பற்றாதீர்கள். ஏடிபி ஷெல்லிலோ (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் வழி) டெர்மினல் ஆப்பிலோ "கெட்ப்ராப்" கட்டளையால் இரண்டு ப்ராப்பர்ட்டிகளைக் கேளுங்கள்: "ஆர்ஓ.கிரிப்டோ.ஸ்டேட்", "ஆர்ஓ.கிரிப்டோ.டைப்". முதலாவது, என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா இல்லையா என்று சொல்லும். இரண்டாவது "பிளாக்" என்றால் முழு வட்டு என்கிரிப்ஷன், "ஃபைல்" என்றால் கோப்பு வாரி என்கிரிப்ஷன்.

முழு வட்டு முறை ஆண்ட்ராய்டு 3.0-இல் வந்தது. ஒரே சாவி, மொத்தப் பார்ட்டிஷனுக்கும் ஒரே பூட்டு. கோப்பு வாரி முறை ஆண்ட்ராய்டு 7.0-இல் வந்தது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த புதுப் போன்களுக்கு இதுவே கட்டாயம். ஆண்ட்ராய்டு 13-இல் முழு வட்டு முறையை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஆகவே பழைய நெக்சஸுக்கு எழுதிய வழிமுறையைப் புதிய பிக்சலில் செய்து பார்ப்பது வீண். சில சமயம் ஆபத்தும்கூட.

இந்த வேறுபாட்டிலிருந்து வரும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. முழு வட்டு முறையில், உள்ளே தரவு இருக்கும்போதே "என்கிரிப்ட் போன்" பொத்தானை அழுத்தி அப்படியே பூட்ட முடியும். கோப்பு வாரி முறையில் அந்த வசதி கிடையாது. காலியான டேட்டா பார்ட்டிஷனில், முதல் தடவை போன் எழும்போது மட்டுமே அது அமையும். அதாவது புதுப் போனில் என்கிரிப்ஷனைத் திரும்பக் கொண்டுவர ஒரே வழி டேட்டாவை ஃபார்மேட் செய்வது. இதற்குக் குறுக்குவழி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எனவே பேக்கப். ரூட் இருக்கும்போதே நியோ பேக்கப், ஸ்விஃப்ட் பேக்கப் போன்ற ஒன்றால் ஆப்களையும் அவற்றின் தரவையும் எடுங்கள். எடுத்ததைப் போனிலேயே விட்டுவைக்காமல் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். ட்வர்ப் என்ற கஸ்டம் ரெக்கவரியின் டேட்டா பேக்கப்பை மட்டும் நம்ப வேண்டாம்: அது உள் சேமிப்பில் இருக்கும் போட்டோ, டவுன்லோடு எதையும் எடுக்காது. இன்னொன்று, பூட்டைத் திறந்து எடுத்த ட்வர்ப் பேக்கப் மெமரி கார்டில் திறந்த நிலையிலேயே கிடக்கும். போனைப் பூட்டிவிட்டு அதன் நகலைத் திறந்துபோட்டால் பூட்டியதற்கு என்ன பொருள்?

## அறிகுறி 1: புதிய போன், ரூட் செய்தபின் "என்கிரிப்ட் ஆகவில்லை" என்று காட்டுகிறது

இதுதான் மிகப் பொதுவானது. போன் கடையிலிருந்து வரும்போது என்கிரிப்ட் ஆகித்தான் வந்திருக்கும். அதை யாரோ கழற்றியிருக்கிறார்கள், பெரும்பாலும் நீங்கள் ஃப்ளாஷ் செய்த (பார்ட்டிஷனில் எழுதிய) ஒரு ஜிப். "ஃபோர்ஸ் என்கிரிப்ஷன் டிசேப்ளர்", "நோ வெரிட்டி" என்று பெயரில் வரும் ஜிப்கள் எஃப்எஸ்டேப் கோப்பில் டேட்டா பார்ட்டிஷனுக்கான வரியைத் திருத்தி, என்கிரிப்ஷன் சம்பந்தப்பட்ட குறியை நீக்கிவிடும் அல்லது "கட்டாயம்" என்பதை "விருப்பம்" என்று மாற்றிவிடும். ரெக்கவரியில் டேட்டாவைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வசதிக்காக இவை பிறந்தன. அந்த வசதிக்கு இது மிக அதிக விலை என்பது என் கருத்து.

திருத்தும் வரிசை இதுதான். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

முதலில், உங்கள் ரோமின் (போனில் ஓடும் ஆண்ட்ராய்டு சிஸ்டம்) அதே பில்டிலிருந்து தொடாத பூட் இமேஜை எடுத்து, ஃபாஸ்ட்பூட்டில் ஃப்ளாஷ் செய்யுங்கள். பேலோட் கோப்பாக வரும் ரோம் என்றால் அதைப் பிரிக்கும் கருவியால் எடுக்க வேண்டும். அந்த ஜிப் வெண்டர் பார்ட்டிஷனில் இருந்த எஃப்எஸ்டேப்பைத் திருத்தியிருந்தால் பூட் இமேஜை மட்டும் மாற்றிப் பயனில்லை. ரோமையே மறுபடி முழுதாக ஃப்ளாஷ் செய்துவிடுவது நேரான வழி.

அடுத்து, ரோமோடு வரும் ரெக்கவரியில் ஃபேக்டரி ரீசெட். ட்வர்ப்பில் செய்வதென்றால் "வைப்" பக்கத்தில் இருக்கும் சாதாரண இழுப்பு போதாது. "ஃபார்மேட் டேட்டா" என்பதைத் தொட்டு, "யெஸ்" என்று அடித்து உறுதி செய்ய வேண்டும். சாதாரண வைப் கோப்புகளை அழிக்கும், ஆனால் பார்ட்டிஷனின் அடிப்படை அமைப்பைத் தொடாது. உள் சேமிப்பையும் விட்டுவைக்கும்.

பிறகு ரூட் இல்லாமல் ஒரு தடவை போனை முழுதாக எழவிடுங்கள். பின் நம்பர் அமைத்து, மேலே சொன்ன இரண்டு ப்ராப்பர்ட்டிகளையும் பாருங்கள். என்கிரிப்ட் ஆகிவிட்டது என்று உறுதியான பிறகே மேஜிஸ்க்.

மேஜிஸ்க்கை ட்வர்ப் வழியாக ஜிப்பாக ஃப்ளாஷ் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த வழியை மேஜிஸ்க் குழுவே கைவிடச் சொல்லிப் பல காலம் ஆகிறது. பூட் இமேஜைப் போனுக்குக் காப்பி செய்து, மேஜிஸ்க் ஆப்பிலேயே பேட்ச் செய்து, கிடைத்த கோப்பை ஃபாஸ்ட்பூட்டில் ஃப்ளாஷ் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 13-உடன் வெளிவந்த பிக்சல் 7 போன்றவற்றில் பேட்ச் செய்ய வேண்டியது "பூட்" அல்ல, "இனிட் பூட்". ஆப்பில் "ப்ரிசர்வ் ஃபோர்ஸ் என்கிரிப்ஷன்" என்ற தேர்வு தெரிந்தால் அதில் டிக் இருக்கட்டும். தெரியவில்லை என்றால் ஆப் போனின் நிலையைப் பார்த்துத் தானே முடிவெடுக்கிறது என்று பொருள்; என்கிரிப்ட் ஆன போனில் பேட்ச் செய்யும்போது அது பூட்டைக் கழற்றாது. அதனால்தான் முதலில் என்கிரிப்ஷன், பிறகு ரூட் என்று அழுத்திச் சொல்கிறேன்.

## அறிகுறி 2: பழைய போன், "என்கிரிப்ட் போன்" அழுத்தினால் ரோபோ படம் வந்து, எதுவும் ஆகாமல் திரும்பி எழுகிறது

இது முழு வட்டு முறைக்கே உரிய தொல்லை. ஆண்ட்ராய்டு 4, 5, 6 ஓடும் பழைய போன்களை இன்னும் இசைக்கோ வண்டியில் மேப் பார்க்கவோ வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும்.

எளியதை முதலில் பார்த்துவிடுங்கள். பேட்டரி 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, சார்ஜரும் செருகியிருந்தால்தான் பொத்தானே வேலை செய்யும். ஆண்ட்ராய்டு 4-இல் பேட்டர்ன் பூட்டு போதாது. பின் நம்பரோ பாஸ்வேர்டோ வேண்டும்.

அவை சரியாக இருந்தும் திரும்பி எழுகிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று. எது என்பதை லாக்கேட்டில் (ஆண்ட்ராய்டின் பதிவுக் குறிப்புகள்) "கிரிப்ட்எஃப்எஸ்" என்ற பெயரில் வரும் வரிகள் சொல்லிவிடும். ஊகிக்காமல் அதைப் படியுங்கள்.

"டேட்டாவை அன்மவுன்ட் செய்ய முடியவில்லை" என்ற பொருளில் வரி வந்தால், ஏதோ ஒரு செயலி டேட்டா பார்ட்டிஷனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்கிரிப்ஷன் தொடங்கும் முன் ஆண்ட்ராய்டு தன் சேவைகளையெல்லாம் நிறுத்திப் பார்ட்டிஷனைக் கழற்றும். ஆனால் பழைய ரூட் கருவியான சூப்பர்எஸ்யூவின் பின்னணிச் செயலி ஆண்ட்ராய்டின் சொல்லைக் கேட்காது. அது ரூட், நிறுத்தினாலும் நிற்காது. சேஃப் மோடில் எழுப்பிச் செய்து பார்க்கச் சொல்வார்கள். ஆப்கள் பிடித்திருந்தால் அது உதவும், ரூட் செயலி பிடித்திருந்தால் உதவாது. உருப்படியான வழி, ரூட்டைத் தற்காலிகமாக எடுப்பது: சூப்பர்எஸ்யூ என்றால் அதன் முழு அன்ரூட், மேஜிஸ்க் என்றால் தொடாத பூட் இமேஜைத் திரும்ப ஃப்ளாஷ் செய்வது. என்கிரிப்ஷன் முடிந்ததும் மறுபடி ரூட். டேட்டாவுக்குள் இருக்கும் அமைப்புகள் அப்படியே காத்திருக்கும்.

"கிரிப்டோ ஃபுட்டர் இருக்கும் இடத்தை ஃபைல் சிஸ்டம் ஆக்கிரமித்திருக்கிறது" என்ற பொருளில் வந்தால் விஷயம் வேறு. என்கிரிப்ஷன் சாவி பல போன்களில் டேட்டா பார்ட்டிஷனின் கடைசி 16 கிலோபைட்டில் வைக்கப்படுகிறது. அந்த வால் பகுதி காலியாக இருக்க வேண்டும். கஸ்டம் ரெக்கவரி ஒன்று பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யும்போது வாலையும் சேர்த்து நிரப்பியிருந்தால் சாவி வைக்க இடமில்லை. ஆண்ட்ராய்டு அதைக் கண்டு பேசாமல் திரும்பி எழுகிறது. பிழைச் செய்தி ஒன்று காட்டியிருந்தால் எத்தனையோ பேரின் இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 என்றால் தரவை இழக்காமலே சரிசெய்யலாம். ரெக்கவரியில் டேட்டாவை அன்மவுன்ட் செய்து, "இ2எஃப்எஸ்சிகே"-ஐ கட்டாயச் சோதனையோடு ஓட்டி, பிறகு "ரீசைஸ்2எஃப்எஸ்"-இல் இப்போதுள்ள பிளாக் எண்ணிக்கையிலிருந்து 4 குறைத்துக் கொடுங்கள். ஒரு பிளாக் 4 கிலோபைட், ஆக 16 கிலோபைட் கிடைத்துவிடும். கூடுதலாகச் சில பிளாக்குகளைக் குறைத்தாலும் குற்றமில்லை. எஃப்2எஃப்எஸ் என்றால் இந்த வித்தையில் இறங்காமல் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள், அதுவும் போனின் சொந்த ரெக்கவரியில். அது வாலை விட்டுவைத்தே ஃபார்மேட் செய்யும். சாவியைத் தனி மெட்டாடேட்டா பார்ட்டிஷனில் வைக்கும் போன்களில் இந்தக் காரணம் எழவே எழாது.

ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். நடுவில் அணைத்தால் அடுத்து எழும்போது "என்கிரிப்ஷன் அன்சக்சஸ்ஃபுல்" என்ற திரையும் ரீசெட் பொத்தானும்தான் இருக்கும். பாதி பூட்டிய பார்ட்டிஷனை மீட்க வழி இல்லை, ரீசெட் செய்யத்தான் வேண்டும்.

## அறிகுறி 3: பூட் இமேஜை மாற்றியதும் "ஆண்ட்ராய்டு சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை, தரவு கெட்டிருக்கலாம்" என்று ரெக்கவரி நிற்கிறது

சில ரெக்கவரிகள் கீழே காரணத்தையும் காட்டும்: "எனேபிள்ஃபைல்கிரிப்டோ ஃபெயில்டு", "செட் பாலிசி ஃபெயில்டு", "இனிட் யூசர்0 ஃபெயில்டு". மூன்றும் ஒரே குடும்பம். தரவு கெட்டுவிட்டது என்று திரை சொல்வதைக் கேட்டு உடனே "ஃபேக்டரி ரீசெட்" அழுத்தாதீர்கள். தரவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

நடந்தது இது. டேட்டா என்கிரிப்ட் ஆகாமல் இருக்கிறது. நீங்கள் போட்ட தொடாத பூட் இமேஜோ ரோமோ, "கோப்பு வாரி என்கிரிப்ஷன் கட்டாயம்" என்ற எஃப்எஸ்டேப்போடு வந்திருக்கிறது. ஏற்கெனவே கோப்புகள் உள்ள கோப்புறைமேல் என்கிரிப்ஷன் கொள்கையை வைக்க கெர்னல் மறுக்கிறது. போன் எழ மறுக்கிறது. முன்பு இருந்த திருத்திய பூட் இமேஜைத் திரும்ப ஃப்ளாஷ் செய்தால் போன் பழையபடி எழும். எழுந்ததும் பேக்கப் எடுத்துவிட்டு, அறிகுறி 1-இல் சொன்ன வரிசையைத் தொடங்குங்கள்.

## அறிகுறி 4: ட்வர்ப்பில் உள் சேமிப்பு 0 எம்பி, அல்லது கோப்புறைப் பெயர்களெல்லாம் கந்தரகோளமான எழுத்துகள்

0 எம்பி என்றால் பார்ட்டிஷனையே மவுன்ட் செய்ய முடியவில்லை. புதிய போன்களில் கோப்புகளுக்கு மேல் மெட்டாடேட்டா என்கிரிப்ஷன் என்று இன்னொரு அடுக்கும் உண்டு. ஆண்ட்ராய்டு 11-உடன் வந்த போன்களுக்கு அது கட்டாயம். அந்த அடுக்கைக்கூடத் தாண்டவில்லை என்று பொருள். பெயர்கள் மட்டும் குழம்பித் தெரிந்தால் மேல் அடுக்கைத் தாண்டிவிட்டது, உங்கள் பின் நம்பரால் திறக்கும் சாவி மட்டும் கிடைக்கவில்லை. பெயர்களே என்கிரிப்ட் ஆவதால்தான் அப்படித் தெரிகின்றன.

இரண்டுமே கோளாறு அல்ல. என்கிரிப்ஷன் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, ரெக்கவரிக்குத்தான் திறக்கத் தெரியவில்லை. எனவே "ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், சரியாகத்தான் ஆகும், தரவுதான் இருக்காது.

ட்வர்ப் பாஸ்வேர்டு கேட்டால் திரைப்பூட்டின் பின் நம்பரையே கொடுங்கள். பேட்டர்ன் பூட்டு வைத்திருந்து கட்டம் தெரியாமல் எழுத்துப் பெட்டி மட்டும் வந்தால், 9 புள்ளிகளுக்கும் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் 1 முதல் 9 வரை எண் வைத்து, கோடு போகும் வரிசையில் எண்களை அடித்துப் பாருங்கள். அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உங்கள் மாடலுக்கும் ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் பொருந்திய ரெக்கவரி வேண்டும். ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு பல மாடல்களுக்கு அப்படி ஒன்று வரவே இல்லை.

உண்மையில் ரெக்கவரிக்கு டேட்டா எதற்கு? ஜிப் ஃப்ளாஷ் செய்யத்தான் என்றால் ஏடிபி சைட்லோடுக்கு டேட்டா பார்ட்டிஷன் தேவையே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து நேரே போகும். ஓடிஜி பென்டிரைவோ மெமரி கார்டோ இருந்தால் அதிலிருந்தும் ஃப்ளாஷ் செய்யலாம். சைட்லோடு பழகிவிட்டவர்களுக்கு இந்த 0 எம்பி ஒரு பிரச்சினையாகவே தெரியாது.

இந்தத் திரையில் இருக்கும்போது செய்யவே கூடாதது ஒன்று: அட்வான்ஸ்டு வைப் பட்டியலில் "மெட்டாடேட்டா" என்று ஒரு பெட்டி இருந்தால் அதைத் தொடாதீர்கள். பார்க்கச் சின்னப் பார்ட்டிஷன், ஆனால் மேல் அடுக்கின் சாவி அதில்தான் இருக்கிறது. அது போனால் டேட்டா முழுதும் போன மாதிரிதான்.

## அறிகுறி 5: பின் நம்பர் சரி, ஆனாலும் திறக்கவில்லை

ரோம் மாற்றிய பிறகோ பழைய பில்டுக்கு இறங்கிய பிறகோ வருவது. முழு வட்டு முறையில் "பாஸ்வேர்டு சரி, ஆனால் தரவு கெட்டிருக்கிறது" என்று ஒரு திரையே உண்டு.

சாவிகள் போனின் பாதுகாப்புச் சில்லோடு மட்டும் கட்டப்பட்டவை அல்ல. சாவிகளைக் காக்கும் கீமாஸ்டர் என்ற பகுதியின் 2-ஆம் பதிப்புக் காலத்திலிருந்து ஆண்ட்ராய்டு பதிப்போடும் பாதுகாப்பு பேட்ச் தேதியோடும் சேர்த்துக் கட்டப்படுகின்றன. மேலே ஏறும்போது சாவியும் கூடவே மேம்படும். கீழே இறங்கினால் பழைய பதிப்பு அந்தச் சாவியைப் படிக்காது. திருடன் ஓட்டையுள்ள பழைய மென்பொருளைப் போட்டுத் திறந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உங்களுக்கும் அதே சட்டம்தான்.

எனவே தீர்வு நேரானது: கடைசியாகத் திறந்த அதே ரோமை, அதே அல்லது புதிய பேட்ச் தேதியோடு திரும்பப் போடுங்கள். டேட்டாவைத் தொடாதிருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு ரோமிலிருந்து வேறொரு ரோமுக்குத் தாவுவது என்றால் தரவோடு தாவும் ஆசையை விட்டுவிடுங்கள். அதற்கு ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டும்.

சில கஸ்டம் ரெக்கவரிகள் இந்தத் தேதிச் சோதனையை ஏமாற்றத் தங்கள் பேட்ச் தேதியை 2099 என்று போட்டுக்கொள்ளும். திறக்கும் என்பது உண்மை. சாவியை அந்தத் தேதிக்கு மேம்படுத்தி எழுதிவிட்டால் உங்கள் ரோம் அதை மறுபடி படிக்காது என்பதும் உண்மை. பேக்கப் இல்லாதவர் இந்த விளையாட்டுக்குப் போக வேண்டாம்.

இன்னொரு பழைய வித்தையும் இங்கே உயிரைக் குடிக்கும். பூட்டு மறந்துவிட்டால் ரெக்கவரியில் போய் "லாக்செட்டிங்ஸ்" என்று தொடங்கும் கோப்புகளை அழித்துவிடச் சொல்வார்கள். ஆண்ட்ராய்டு 5, 6-இல் பலருக்கு அது உதவியிருக்கிறது. கோப்பு வாரி முறையில் உங்கள் தரவின் சாவியைத் திறக்கும் தகவலே அந்தக் கோப்புகளோடு சேர்ந்துதான் இருக்கிறது. அழித்தால் திரைப்பூட்டு போகும், கூடவே தரவும் போகும்.

## அறிகுறி 6: ஒரு மாட்யூல் போட்டதும் போன் சுற்றிச் சுற்றி எழுகிறது, ரெக்கவரியிலிருந்து அழிக்கவும் முடியவில்லை

என்கிரிப்ஷன் வைத்தவர்களுக்கு மாட்யூல் (மேஜிஸ்கில் சேர்க்கும் துணை நிரல்) கோளாறு கூடுதல் பயம் தரும். என்கிரிப்ஷன் இல்லாத போனில் ட்வர்ப்பின் ஃபைல் மேனேஜரில் /டேட்டா/ஏடிபி/மாட்யூல்ஸ் கோப்புறைக்குப் போய் அழித்துவிடலாம். இங்கே அந்தக் கதவு பூட்டியிருக்கிறது. ஆனால் வேறு மூன்று கதவுகள் திறந்தே இருக்கின்றன.

முதல் கதவு சேஃப் மோடு. போன் எழும்போது வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். மேஜிஸ்க் இதைக் கண்டுகொண்டு எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிடும். பிறகு சாதாரணமாக எழுப்பினாலும் அவை முடங்கியே இருக்கும். ஆப்பில் போய்க் குற்றவாளியை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக இயக்குங்கள்.

இரண்டாவது, கம்ப்யூட்டரில் "ஏடிபி வெயிட்-ஃபார்-டிவைஸ் ஷெல் மேஜிஸ்க் --ரிமூவ்-மாட்யூல்ஸ்" என்று அடித்துக் காத்திருப்பது. போன் சுற்றும் வழியில் ஏடிபி எட்டிப்பார்க்கும் கணத்தில் கட்டளை ஓடிவிடும். யூஎஸ்பி டீபக்கிங் முன்பே இயக்கத்தில் இருந்து, அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இது எல்லா மாட்யூல்களையும் ஒட்டுமொத்தமாக நீக்கும்.

மூன்றாவது எப்போதும் வேலை செய்யும். தொடாத பூட் இமேஜை ஃபாஸ்ட்பூட்டில் ஃப்ளாஷ் செய்யுங்கள். மேஜிஸ்க் இல்லை, மாட்யூல் இல்லை, போன் எழும், தரவு அப்படியே இருக்கும். இதற்காகவே ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு அந்தப் பில்டின் தொடாத பூட் இமேஜ் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். போனுக்குள் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அது எட்டாது.

## அறிகுறி 7: ரூட் இருக்கிறது, ஆனால் தொடக்க ஸ்கிரிப்ட்கள் ஓடவில்லை, ஓடினாலும் பாதியில் நிற்கின்றன

கோப்பு வாரி முறையில் இரண்டு வகை இடங்கள் உண்டு. போன் எழுந்ததுமே திறந்துவிடும் இடம் ஒன்று. நீங்கள் முதல் தடவை பின் நம்பர் போட்ட பிறகே திறக்கும் இடம் இன்னொன்று. /டேட்டா/ஏடிபி முதல் வகை, அதனால்தான் மாட்யூல்கள் பூட்டுக்கு முன்பே வேலை செய்கின்றன. எஸ்டிகார்டு என்று காட்டும் உள் சேமிப்பும், பெரும்பாலான ஆப்களின் தரவும் இரண்டாம் வகை.

போன் எழும்போது ஓடுவதற்காகச் சர்வீஸ்.டி கோப்புறையில் நீங்கள் வைத்த ஸ்கிரிப்ட், உள் சேமிப்பில் இருக்கும் ஒரு பட்டியலையோ அமைப்பையோ படிக்க முயன்றால் அப்போது அங்கே ஒன்றுமே இருக்காது. என்கிரிப்ஷனுக்கு முன்பு ஓடிய அதே ஸ்கிரிப்ட் இப்போது ஓடாததன் காரணம் இதுதான். அந்தக் கோப்பை /டேட்டா/ஏடிபி-க்குள் நகர்த்திவிடுவது நல்ல தீர்வு. நகர்த்த முடியாதென்றால், உள் சேமிப்பில் "ஆண்ட்ராய்டு" என்ற கோப்புறை கண்ணில் படும்வரை சில நொடிக்கு ஒருமுறை பார்த்துக் காத்திருக்கும் சுற்று ஒன்றை ஸ்கிரிப்டின் தலையில் சேருங்கள். "சிஸ்.பூட்_கம்ப்ளீட்டட்" 1 ஆகிவிட்டதா என்று மட்டும் பார்ப்பது போதாது, பின் நம்பர் போடும் முன்பே அது 1 ஆகிவிடும். இந்தக் காத்திருப்பை போஸ்ட்-எஃப்எஸ்-டேட்டா ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். அது முடியும்வரையோ மேஜிஸ்கின் காலவரம்பு தீரும்வரையோ போன் எழுவதே நிற்கும்.

சில அலாரம் ஆப்களும் டாஸ்க்கர் போன்ற தானியங்கி ஆப்களும் இதே காரணத்தால் இரவில் தானாக ரீஸ்டார்ட் ஆன போனில் காலைவரை மௌனமாக இருக்கலாம்.

## அறிகுறி 8: அப்டேட் ஆனதும் ரூட் போய்விட்டது

பயப்பட ஒன்றுமில்லை. தரவு, என்கிரிப்ஷன், மாட்யூல்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பூட் இமேஜ் மட்டும் புதியது. புதிய பில்டின் இமேஜைப் பேட்ச் செய்து போடுங்கள். இரண்டு ஸ்லாட் (சிஸ்டத்தின் இரு நகல்களுக்கான இடம்) உள்ள போன்களில் அப்டேட் இறங்கியதும், ரீஸ்டார்ட் செய்யும் முன் மேஜிஸ்க் ஆப்பில் "இன்ஸ்டால் டு இன்ஆக்டிவ் ஸ்லாட்" தேர்ந்தெடுத்தால் இந்த வேலையும் மிச்சம்.

## அறிகுறி 9: என்கிரிப்ட் ஆகியிருந்தும் அலுவலக மெயில் ஆப் "போனை என்கிரிப்ட் செய்" என்கிறது

முழு வட்டு முறைப் போனில் வருவது. ஆண்ட்ராய்டு 5.0 முதல், பாஸ்வேர்டு கொடுக்காவிட்டாலும் போன் ஒரு பொதுவான இயல்புநிலைப் பாஸ்வேர்டால் என்கிரிப்ட் ஆகிவிடும். வட்டு பூட்டியிருக்கும், ஆனால் சாவி கதவிலேயே தொங்கும். கண்டிப்பான ஆப்கள் இதை ஏற்காது, ஏற்காததே சரி. பாதுகாப்பு அமைப்பில் "போனைத் தொடங்கப் பின் தேவை" என்ற தேர்வை இயக்குங்கள்.

இயக்கியும் தானாக அணைந்துவிடுகிறதா? அணுகல்தன்மைச் சேவை கேட்கும் ஒரு ஆப்பை நீங்கள் இயக்கியிருப்பீர்கள். பாஸ்வேர்டு மேனேஜர்கள், தானியங்கி ஆப்கள் இதில் அடக்கம். அத்தகைய சேவையை இயக்கும்போது ஆண்ட்ராய்டு தொடக்கப் பின்னை எடுத்துவிடும். அதைச் சொல்லும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. சேவையை இயக்கிய பிறகு அமைப்புக்குப் போய்த் தொடக்கப் பின்னை மறுபடி போடுங்கள்.

## அறிகுறி 10: ஃபார்மேட் செய்தபின் மெமரி கார்டு "ஆதரிக்கப்படவில்லை" என்கிறது

கார்டை உள் சேமிப்பாக இணைத்திருந்தால் (ஆண்ட்ராய்டு 6.0 முதல் உள்ள வசதி) கார்டும் என்கிரிப்ட் ஆகியிருக்கும். அதன் சாவி போனின் /டேட்டா/மிஸ்க்/வோல்டு கோப்புறையில் "எக்ஸ்பாண்ட்" என்று தொடங்கும் கோப்பாக இருக்கும். டேட்டாவை ஃபார்மேட் செய்தால் சாவியும் போய்விடும், கார்டில் உள்ளதும் போகும். ரூட் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நன்மை உண்டு: ஃபார்மேட்டுக்கு முன்பே அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துவிடலாம்.

## எல்லாம் சரியானதும் "பூட்லோடரையும் பூட்டிவிடலாமா?"

ரூட் செய்த பூட் இமேஜோடு பூட்டினால் போன் எழாது. கையொப்பம் பொருந்தாததால் நின்றுவிடும். சில மாடல்களில் திரும்பத் திறக்கவும் விடாது. திறக்க விட்டாலும் டேட்டா அழியும். பிக்சல் போன்ற சில போன்கள் உங்கள் சொந்தக் கையொப்பச் சாவியைப் பதிய அனுமதிக்கும். அப்படிக் கையொப்பமிட்டு, பேட்ச் செய்த இமேஜோடு பூட்ட முடியும். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நீங்களே கையொப்பமிட வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

பூட்டாமல் விட்டால் என்ன ஆபத்து? அணைந்து கிடக்கும் போனைத் திருடியவரால் தரவைப் படிக்க முடியாது. ஆனால் போனை எடுத்துக் கள்ளப் பூட் இமேஜ் ஒன்றைப் போட்டு உங்களிடமே திருப்பி வைத்தால், நீங்கள் பின் நம்பர் போடும்போது அது கேட்டுக்கொள்ளும். சுங்கச் சோதனையிலோ பழுது பார்க்கும் கடையிலோ போன் உங்கள் கண்ணை விட்டுப் போய் வந்தால் பூட் இமேஜைத் திரும்ப ஃப்ளாஷ் செய்துவிட்டுப் பின் நம்பர் போடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் போனில் சாவி நினைவகத்தில் இருக்கும். ஆகவே கையை விட்டுப் போகும் முன் போனை முழுதாக அணைப்பது, திரையை மட்டும் பூட்டுவதைவிடப் பல மடங்கு மேல். டெவலப்பர் தேர்வுகளில் பழைய கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்த யூஎஸ்பி டீபக்கிங் அனுமதிகளை ரத்து செய்யுங்கள். மேஜிஸ்க் அமைப்பில் ரூட் அணுகலை "ஆப்கள் மட்டும்" என்று வையுங்கள். அறிகுறி 6-இன் இரண்டாவது கதவு இதனால் அடைபடலாம். சேஃப் மோடும் தொடாத பூட் இமேஜும் இருக்கும்போது அதை இழப்பதில் பெரிய நட்டமில்லை.